கோமதி அக்காவின் ‘இன்னும் ரெண்டு கிலோ’

ப்ளவுஸ் தைக்கிறவள் யாரையும் நம்பக்கூடாது. நம்பினால் தீபாவளிக்கு முதல் நாள் வாடிக்கைக்காரியோடு சேர்ந்து அவளும் உட்கார்ந்து அழவேண்டியதுதான்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடையின் மாடியில் என் மெஷின் இருக்கிறது. கீழே பாய் சேலை விற்பார், மேலே நான் ப்ளவுஸ் தைப்பேன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்ததோடு சரி, மிச்சப் படிப்பெல்லாம் இந்த மெஷின் முன்னால்தான். காலையில் பெரியவனைப் பள்ளியிலும், சின்னவளைப் பிள்ளை பார்க்கிற ஆன்டி வீட்டிலும் விட்டுவிட்டு, கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி வருகிறேன். எட்டு வருஷமாகப் பெண்களின் இடுப்பில் டேப் சுற்றியதில் ஒன்று தெரிந்துகொண்டேன். உடம்பைக் குறைக்க ஆரம்பிக்கிற நாள் எல்லாருக்கும் தெரிகிறது. நிறுத்தவேண்டிய நாள்தான் ஒருத்திக்கும் தெரிவதில்லை. திங்கட்கிழமைதோறும் டயட் ஆரம்பிக்கிற என் இனத்தாரே, கொஞ்சம் கிட்டே வாருங்கள்.

மூச்சைப் பிடிக்கிறவர்கள்

டேப் இடுப்பைத் தொட்டதும் முக்கால்வாசிப் பேர் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அந்த அளவில் தைத்தால், மூச்சு விடாமல் இருக்கிற நாளில் மட்டும்தான் அந்த ப்ளவுஸைப் போட முடியும். அதனால் டேப்பைச் சுற்றிவிட்டு, முகத்தைப் பார்க்காமல், “மத்தியானம் என்னக்கா சாப்பிட்டீங்க?” என்று கேட்பேன். பொய்யோ நிஜமோ, பதில் சொல்ல மூச்சை விட்டுத்தானே ஆகவேண்டும்? அந்த நொடியில் அளவைக் குறித்துக்கொள்வேன்.

கோமதி அக்கா முதல் தடவை வந்தபோதும் அதையேதான் கேட்டேன். பக்கத்துத் தெரு வக்கீல் ஆபீசில் கிளார்க், வீடு செந்தூலில், ஐம்பதை நெருங்குகிற வயது. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, உடம்பைக் குறைத்தே ஆகவேண்டும் என்று கிளினிக் டாக்டர் சொன்னாராம். அதைக் கேட்டுவிட்டு நேராக மூன்று ப்ளவுஸ் தைக்க வந்திருந்தார். அவர் மூச்சையும் பிடிக்கவில்லை, மழுப்பவும் இல்லை. எனக்கு அதுவே சந்தேகமாக இருந்தது. சிரித்துக்கொண்டே சொன்னார்: “ரெண்டு ரொட்டி சானாய், ஒரு மீ கோரெங், ஒரு தே தாரிக். நாளையிலேர்ந்து இதெல்லாம் கிடையாதுலா, அதான் எல்லார்கிட்டயும் போய்ட்டு வரேன்னு சொல்லிட்டு வந்தேன்!”

பாய்க்கு வந்த சந்தேகம்

மூன்று மாதம் கழித்து அதே மூன்று ப்ளவுஸோடு வந்தார். போட்டால் தோளிலிருந்து வழிகிறது. சோற்றைக் குறைத்துவிட்டு, ஆபீஸ் முடிந்ததும் தித்திவங்சா ஏரியைச் சுற்றி நடக்கிறாராம். எனக்கே சந்தோஷமாகிவிட்டது. இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துவிட்டு, மிச்சத் துணியை வெட்டப் போனேன். சட்டென்று என் கையைப் பிடித்தார். “வெட்டாதே ரேவதி, உள்ளேயே கிடக்கட்டும். போன சதை எப்ப திரும்பி வரும்னு யாருக்குத் தெரியும்?” நியாயம்தானே என்று உள்ளே மடித்துத் தைத்தேன். ஆறு வாரத்தில் மறுபடியும் வந்தார். மறுபடியும் பிடித்தேன், மறுபடியும் மடித்தேன். அதன் பிறகு மாதம் ஒரு தடவை இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

கீழே பாய் படிக்கட்டுப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காருவார். யார் ஏறுகிறார்கள், யார் எந்த முகத்தோடு இறங்குகிறார்கள் என்று பார்ப்பதுதான் அவருடைய டிவி. ஒருநாள் அவரே மேலே ஏறி வந்தார். மெஷினை ஒரு பார்வை பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “ஏம்மா, அந்த அக்கா அதே மூணு ப்ளவுஸைத் தூக்கிக்கிட்டு எத்தனை வாட்டிதான் வரும்? நிஜத்தச் சொல்லு, நீ ஒழுங்காத்தான் தைக்கிறியா?”

ஐந்து வாரத்தில் இளைக்கப்போன பெண்

சுங்கை வேயிலிருந்து ஒரு கல்யாணப் பெண் வந்தாள். கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. அளவைச் சொன்னதும் முகம் சுருங்கியது. “ரெண்டு இன்ச் குறைச்சே தைங்கக்கா. அதுக்குள்ள நான் இளைச்சிடுவேன்” என்றாள். பட்டுத் துணி, முதுகு முழுக்கக் கல் வேலை. வாதாடவில்லை. சொன்ன அளவுக்கே தைத்தேன். ஆனால் அவளுக்குத் தெரியாமல் இரண்டு பக்கமும் தாராளமாகத் துணி விட்டு லைனிங்குக்குள் ஒளித்துவைத்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் அம்மாவும் மகளும் ஓடிவந்தார்கள். ப்ளவுஸின் முன்பக்கம் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே மாட்டேன் என்று நின்றன. நான் பக்கத் தையலைப் பிரித்தேன். ஒளித்துவைத்த துணி வெளியே வந்தது, ப்ளவுஸ் கச்சிதமாக உட்கார்ந்தது. அம்மா என்னைக் கும்பிடாத குறை. பெண் மட்டும் கண்ணாடி வழியாக என்னை முறைத்தாள்: “அப்படின்னா அன்னிக்கே நீங்க என்னை நம்பலை, அப்படித்தானேக்கா?”

டாக்டர் வந்து பிரிப்பாரா?

ஒருநாள் கோமதி அக்கா ஒரு பெட்டி கேக்கோடு வந்தார். டாக்டர் சொன்ன எடைக்கு வந்துவிட்டாராம். சர்க்கரையும் இறங்கிவிட்டதாம். இனிமேல் குறைக்கவேண்டாம், இதையே பிடித்துவைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கைகொடுத்து அனுப்பினாராம். எனக்கு இரண்டு துண்டு, பாய்க்கு மூன்று துண்டு. அக்கா மட்டும் ஒரு பொடியைக்கூடத் தொடவில்லை. “நீங்க எடுத்துக்கலையா?” என்றால், “இன்னும் ரெண்டு கிலோ மட்டும் குறைச்சுக்கறேன். கைவசம் இருக்கட்டும்” என்கிறார். அந்த ரெண்டு கிலோவும் போனது. அடுத்த மாதம் இன்னொரு ரெண்டு கிலோ. அதற்கடுத்த மாதமும் அதே ரெண்டு கிலோ.

எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. மணிக்கட்டில் நிற்கவேண்டிய வளையல், கையைத் தூக்கினால் முழங்கைக்கு ஓடுகிறது. படியேறி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தால் பேச்சு ஆரம்பிக்க ஐந்து நிமிஷம் ஆகிறது. அளவெடுக்கும்போது தொட்டால், வெளியே கொளுத்துகிற வெயிலில் நடந்து வந்தவரின் விரல் சில்லென்று இருக்கிறது. “டாக்டருக்கு இதெல்லாம் தெரியுமாக்கா?” என்று கேட்டேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது: “டாக்டர் நிறுத்து நிறுத்துன்னு வாயால சொல்லிடுவாரு. நிறுத்தின மறுநாள் எல்லாம் திரும்பி வந்திச்சின்னா, அவரா வந்து என் ப்ளவுஸைப் பிரிச்சுக் கொடுப்பாரு?”

வீட்டில் ஒரு விசாரணை

அக்காவின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. சின்னவள் பிறந்த பிறகு நானும் குறைத்தவள்தான். கல்யாணமான புதிதில் போட்ட ஒரு மஞ்சள் ப்ளவுஸை எடுத்து வைத்துக்கொண்டு, இது சேருகிற வரை விடுவதில்லை என்று சபதம் போட்டிருந்தேன். இடுப்பு சேர்ந்தது, தோள் சேரவில்லை. எத்தனை பட்டினி கிடந்தாலும் சேராது. இரண்டு பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி விரிந்த தோள் அது. டைலராக இருந்துகொண்டு இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏழு மாதம் ஆகியிருக்கிறது! அதற்குள் பசியில் பிள்ளைகளைப் பார்த்துக் கத்துகிறவளாகவும் ஆகியிருந்தேன். மஞ்சள் ப்ளவுஸை மெஷின் துடைக்கிற துணியாக்கினேன்.

நிறுத்தியதும் ஒரேயடியாகத் தட்டில் விழவில்லை. என்னையே நான் நம்புகிற ஆள் இல்லையே. மத்தியானம் ஒரே ஒரு கரண்டி சோற்றைக் கூட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் டேப் போட்டேன். ஒரு வாரம் கூடினால் பதறவில்லை, மாதத்தில் சில நாள் உடம்பு தண்ணீர் கட்டும், நமக்குத் தெரியாததா? மூன்று வாரம் பார்த்தேன், அளவு நகரவில்லை. அப்புறம் இன்னும் அரைக் கரண்டி. லோரி ஓட்டுகிற என் வீட்டுக்காரர் ஒரு மாதமாக என் தட்டையே கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார். கடைசியில் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டார்: “இது என்ன, நீ நிறுத்திட்டியா, இல்ல தோத்துட்டியா?”

சீனி போட்ட தேத்தண்ணி

அக்காவின் தங்கை மகளுக்குக் கிள்ளானில் கல்யாணம் வந்தது. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, மதிய உணவு நேரத்தில், அந்த மூன்றில் ஒன்றான மாம்பழக் கலர் ப்ளவுஸோடு வந்தார். “அரை இன்ச் பிடிச்சுக் கொடு.” ப்ளவுஸை உள்பக்கம் திருப்பினேன். இரண்டு பக்கமும் மடிப்புக்கு மேல் மடிப்பு, சின்னக் குழந்தையின் தலையணை மாதிரி இருந்தது. முன்னால் மார்புக்குக் கீழே இருக்கவேண்டிய டார்ட் மடிப்பு அக்குளுக்குள் போய் ஒளிந்திருந்தது. பக்கத்தைப் பிடிக்கலாம், தோளை என்ன செய்வது? “இனிமே முடியாதுக்கா. நான் தைக்கமாட்டேன்” என்றேன். “அப்படியா? பிரிக்பீல்ட்ஸ்ல வேற டைலரே இல்லையா?” என்று ப்ளவுஸைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தவர், இரண்டடி வைப்பதற்குள் கட்டிங் மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். முகம் வெளுத்துவிட்டது. தாங்கிப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, பாயைக் கூப்பிட்டேன். பாய் பக்கத்துக் கடையிலிருந்து பால் விடாத தே ஓ வாங்கிக்கொண்டு அவரே ஏறி வந்தார். அந்த நிலையிலும் அக்கா கிளாஸைச் சந்தேகமாகப் பார்த்து, “கோசோங்தானே? சீனி போடலையே?” என்றார். “போட்டிருக்கு. ரெண்டு கரண்டி போடச் சொன்னதே நான்தான். குடிங்க. குடிக்காம இறங்கி விழுந்தீங்கன்னா என் கடை வாசல்லதான் விழுவீங்க” என்றார் பாய். அக்கா குடித்தார்.

கொஞ்சம் தெளிந்ததும் சொன்னேன். “நாளைக்கே கிளினிக் போய் மயக்கம் வந்ததைச் சொல்லணும். நீங்க சொல்லலைன்னா நானே கூட வருவேன். இன்னொண்ணு. உள்ள துணி இருக்கற வரைக்கும் நீங்க பெருக்கப் போறவங்க. பிடிச்சுக் கொடுன்னு கேக்கற வரைக்கும் இளைக்கப் போறவங்க. டாக்டர் நிறுத்தச் சொன்ன உடம்புக்குன்னு உங்ககிட்ட ஒரு ப்ளவுஸ்கூட இல்லைக்கா.” கேக் கொண்டுவந்த அன்று எடுத்த அளவு என் நோட்டில் இருந்தது. அந்த அளவுக்குப் பிரித்தேன். ப்ளவுஸ் விரிய விரிய அக்காவின் முகம் பயத்தில் சுருங்கியது. “பெரிசா ஆக்கறியே ரேவதி!” “டாக்டர் கைகொடுத்த அளவுதான்க்கா இது.” மிச்சத் துணியைக் காட்டி, வெட்டவா என்று கேட்டேன். அக்கா கத்திரிக்கோலை என்னிடமிருந்து வாங்கி, அவரே வெட்டினார். கோடு நேராகத்தான் போனது. நான் முன்பக்கத்தில் கொக்கி மாட்டுகிற நூல் வளையத்தை ஒன்றுக்கு இரண்டு வரிசையாக, முக்கால் இன்ச் தள்ளிக் கட்டிக் கொடுத்தேன். “உள் வரிசையிலயே லூசா இருந்தா டாக்டர்கிட்ட போங்க. வெளி வரிசைக்கும் எட்டலைன்னா ஏரிக்குப் போங்க. ரெண்டுக்கும் நடுவுல இருந்தா பேசாம ஆபீசுக்குப் போங்க.”

கல்யாணம் முடிந்து மூன்று வாரம் கழித்து, கையில் ஒன்றுமே இல்லாமல் கோமதி அக்கா மாடி ஏறி வந்தார். தைக்க ஒன்றும் இல்லாமல் ஒருத்தி டைலரைப் பார்க்க வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? விசாரித்தேன். டாக்டரிடம் போயிருந்தார், சரியாகத் திட்டு வாங்கியிருந்தார். மத்தியானம் சோறு சாப்பிடுகிறார். மயக்கம் இல்லை. கொக்கி சில நாள் உள் வரிசை, சில நாள் வெளி வரிசை, அதைத் தாண்டிப் போகவில்லை. “அப்புறம் என்னக்கா குறை?” என்றேன். படிக்கட்டில் பாய் நிற்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, என் காதருகில் குனிந்தார்: “ஒரு வருஷமா ஆபீஸ்ல, கோயில்ல, எங்க போனாலும் ‘ஐயோ கோமதி, எப்படி இளைச்சிட்டே!’ன்னு கேட்டாங்க. இப்ப மூணு வாரமா ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலைடி. அதுக்கு நான் என்ன பண்றது?”

எடை நிற்கிற இடத்தில் பாராட்டும் நின்றுபோகும் என்பது எந்த டேப்பிலும் எழுதியிருக்காததால், இப்போதெல்லாம் அவர் மாடி ஏறியதுமே “அக்கா, அப்படியே இருக்கீங்களே!” என்று நான் கத்துகிறேன், அவரோ நான் எதையோ மறைக்கிறேன் என்று என்னை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டே உட்காருகிறார்.