ரிசல்டட் இன்

கடலூர் கோர்ட்டில் விபத்து வழக்கு. "ஓவர்ஸ்பீட் ரிசல்டட் இன்..." என்று ஆரம்பித்த என் ஜூனியர் தயங்கி நின்றாள். எனக்கு நான் வளர்ந்த முதுநகர் வீட்டு மீன்குழம்பு மணத்தது.

டைப்பிஸ்ட்டான அப்பா வீட்டில் ஒரு சட்டம் வைத்திருந்தார். எதனால் என்ன ஆனது என்று 'ரிசல்டட் இன்' போட்டுச் சொல்லிவிட்டால், அதற்குமேல் யாரும் பேசக்கூடாது. "ஓட்டம் ரிசல்டட் இன் கொடம் ஒடஞ்சிபோச்சுப்பா" என்று நான் பலமுறை அடியிலிருந்து தப்பித்திருக்கிறேன்.

சிதம்பரத்துக்குப் படிக்க அனுப்ப முடியாது என்று அப்பா சொன்னபோது, ஆங்கிலம் தெரியாத அம்மா மீன்குழம்புக் கரண்டியோடு வந்து நின்றாள்.

"ஒங்க புடிவாதம் ரிசல்டட் இன், புள்ள நேத்திலேர்ந்து சாப்புடல."

அப்பா தன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டார். மறுநாள் சிதம்பரம் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்தார்.

"சத்தமா சொல்லும்மா," என்றேன் ஜூனியரிடம். "எங்கப்பாவே அடங்கிப்போன வார்த்தை அது."