கடைசி லேனை வெட்டச் சொன்னார்கள்

டிஎன்ஏ என்றால் முறுக்கிய ஏணி என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். எப்போதும் அப்படி இருப்பதில்லை. சில இடங்களில் ஒற்றை இழையே தன்மேல் மடிந்து நான்கடுக்குக் கட்டாகிவிடும். நாங்கள் ஆராயும் புரதம் ஒன்று அந்த மடிப்பை மட்டும் அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும், ஏணியைத் தொடாது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. தேனியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் நான்கு வருடமாக இதையே கட்டிக்கொண்டு அழுகிறேன்.

சோதனை எளிது. ஜெல்லி போன்ற ஒரு பாளத்தில் மின்சாரம் செலுத்தி டிஎன்ஏவை ஓடவிடுவோம். புரதம் பிடித்துக்கொண்டது மட்டும் பின்தங்கும். ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு லேன், ஓடுவதற்கான தனித் தடம். மடிந்த டிஎன்ஏ நான் நினைத்தபடியே பின்தங்கியது. ஒப்பிட்டுப் பார்க்கக் கடைசி லேனில் விட்டிருந்த சாதாரண ஏணியும் பின்தங்கித் தொலைத்தது. மூன்று முறை திரும்பச் செய்தேன், மூன்று முறையும் அதேதான்.

"படத்துல அந்த லேன வெட்டிட்டு ஸ்லைடு போடும்மா. கமிட்டியில யாரு கேக்கப்போறாக?" என்றார் என் வழிகாட்டி. அவர் கையெழுத்து இல்லாமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கம்பத்துக்கு, வீட்டுக்குப் போனேன். அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவேன், அவர் திராட்சை வியாபாரி. நடந்ததைக் கேட்டுவிட்டு, "ஒரு கோடுதானம்மா, வெட்டிட்டுப் பட்டத்த வாங்கு" என்றார்.

"பெட்டிக்கு அடியில உதிரியப் போட்டு மேல நல்ல கொத்தா அடுக்குனாகன்னு காலையிலதான் ஒருத்தரத் திட்டித் தீத்தீக. நான் செஞ்சா மட்டும் சரியா, அத்தா?"

அத்தா அம்மாவிடம் டீ கேட்டார்.

ஆய்வை மதிப்பிடும் கமிட்டி கூடிய அன்று முழுப் படத்தையும் திரையில் போட்டேன். வழிகாட்டி என்னைப் பார்க்கவே இல்லை. வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இது ஏணியையும் பிடிக்குதே. அப்ப நீங்க இத்தனை வருஷம் சொன்னது தப்பா?"

"ஆமா சார். நான் சொன்னதுதான் தப்பு. புரதம் தப்புப் பண்ணல."

அன்று வழிகாட்டி கையெழுத்துப் போடவில்லை. இன்றைக்கு வரை போடவில்லை. ஆய்வேடு அவர் மேசையில் கிடக்கிறது, கடைசி லேனோடு.