கொக்கி வளைந்த பக்கம்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக மேற்கே போனவர் அப்பப்பாவின் தகப்பன், என் பூட்டன். இன்று தீவுப்பகுதியில் மேற்கு என்றால் லண்டனும் கனடாவுந்தான். அவர் காலத்தில் மேற்கு என்றால் நெடுந்தீவு. ஊரில் உசாரான ஆட்களெல்லாம் தெற்கே போய்க் கடை போட்டுக் கல்வீடு கட்டிக்கொண்டிருந்தபோது, இந்த மனிதர் மட்டும் மழை பொய்த்த ஒரு வருடத்தில், தன் ஊரான சரவணையில் இருந்த பங்குக் காணியைத் தம்பிமாரிடம் விட்டுவிட்டு, இரண்டு பசுக்களையும் ஒரு கன்றையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு புல்லைத் தேடிப் போனார். சொந்தக்காரர் சிரித்தார்களாம். அவர் போன வருடமே அந்த மூன்றில் ஒன்று செத்தது. ஆனால் பிறகு பட்டியில் நூறு மாடு நின்றது என்று அப்பப்பா சொல்லுவார். சாப்பாடு வாய்க்கு ருசியாக இருந்த நாட்களில் அது நூற்றைம்பது ஆகும்.

நெடுந்தீவில் மாடுகளை வீட்டில் கட்டி வளர்ப்பவர்கள் குறைவு. வெளியில் விட்டால் அவை தம் பாட்டில் மேயும். எது யாருடைய மாடு என்று அறிய ஒரே வழி, கன்றாக இருக்கும்போதே பின்தொடையில் சுட்டுவிடும் குறிதான். எழுத்துத் தெரிந்தவர்கள் பெயரின் முதலெழுத்தைச் சுட்டார்கள். பூட்டனுக்கு எழுத்துத் தெரியாது. கொல்லனிடம் போய் ஒரு தூண்டில் அடித்துத் தரச் சொன்னார். நேராக ஒரு கோடு, அடியில் ஒரு பக்கம் வளைந்த கொக்கி, அவ்வளவுதான். நீண்ட கம்பியின் நுனியில் இருந்த அந்தத் தூண்டிலைக் காய்ச்சித்தான் மூன்று தலைமுறை மாடுகளுக்குக் குறி சுட்டார்கள்.

சண்டையில் நெடுந்தீவை விட்டு வெளிக்கிட்டபோது அப்பப்பா கையில் எடுத்துக்கொண்டது அந்தக் கம்பியைத்தான். இடம்பெயர்ந்த இடமெல்லாம் அதை ஊன்றிக்கொண்டு நடந்தாராம். நல்ல பித்தளைக் குடங்களை விட்டுவிட்டு இந்த இரும்பைத் தூக்கிக்கொண்டு வந்தவர் என்று அம்மா அடிக்கடி சொல்லிக்காட்டுவார். ஆனால் வன்னியில் அடுப்பிலிருந்து கொள்ளி இழுக்க அம்மாவுக்கு உதவியது அந்தக் கம்பிதான். நான் வன்னியில் பிறந்தவள். எங்கள் மாடு ஒன்றையும் கண்டதில்லை. குசினிச் சுவரில் தொங்கிய தூண்டிலை மட்டும் தினமும் கண்டேன். மண்ணில் தடியால் வீடு, மரம், தூண்டில் என்று கீறி விளையாடுவேன். கொக்கியை எப்போதும் வலப்பக்கமாகத்தான் வளைப்பேன், கம்பியில் அப்படித்தான் இருந்தது.

சண்டை நின்று பாதை திறந்த பிறகு நாங்கள் தீவுப்பகுதிக்குத் திரும்பினோம். நெடுந்தீவு வீட்டுக்குக் கூரை இல்லை. அப்பப்பாவுக்கோ கடல் தாண்டும் தெம்பு இல்லை. அதனால் அம்மாவின் ஊரான சரவணையில், அம்மாவின் வீட்டில் இருந்தோம். பூட்டன் விட்டுவிட்டுப் போன ஊருக்கே அவருடைய மகன் படுக்கையோடு வந்து சேர்ந்தார். கண் இரண்டும் புகை மூடி, ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது.

அப்போதுதான் நெடுந்தீவிலிருந்து வந்த ஒருவர், தூண்டில் குறியோடு ஒரு பசு அங்கே இன்னும் நிற்கிறது, கன்றும் போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அப்பப்பாவுக்கு வேறு பேச்சே இல்லை. கஞ்சி கொடுத்தாலும் பசு, மருந்து கொடுத்தாலும் பசு. ஒருநாள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அதைக் கொண்டு வாடா தம்பி. எனக்குப் பால் வேண்டாம். அந்தக் குறியை ஒருக்காத் தடவிப் பாத்தால் காணும், நான் போயிடுவன்."

அப்பா ஓம் என்றார். நானும் கட்டிலருகே நின்று ஓம் என்றேன். என்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி அழுது அடம்பிடித்தபடியால், அந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடச் சப்பாத்தோடு நானும் வெளிக்கிட்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

கம்பியை அப்பா சாக்கில் சுற்றி எடுத்திருந்தார். மாடு எங்களுடையது என்று காட்ட அதைவிட வேறு உறுதி எங்களிடம் இல்லை. குறிகட்டுவான் துறையில் கடற்படைக்காரர் சாக்கை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, இது என்ன ஆயுதம் என்று கேட்டார். அப்பா தனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லால் விளங்கப்படுத்த, அது போதாமல் என் பின்பக்கம் கம்பியை வைத்து 'ஸ்ஸ்' என்று சுட்டுக் காட்டினார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. படகில் ஏறி இருக்கும்வரை அப்பாவோடு கதைக்கவில்லை.

பசு நின்ற வீட்டைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கவில்லை. துறையில் எங்களை ஏற்றிக்கொண்ட உழவு இயந்திரக்காரர் வழியிலேயே எல்லாம் சொன்னார். வீட்டுக்காரி ஒரு கைம்பெண். புருசன் மீன்பிடிக்கப் போய்த் திரும்பவில்லை. மூன்று பிள்ளைகள், அந்தப் பசுவில்தான் சீவியம். அதைக் கேட்டதும் அப்பாவின் முகம் மாறியது. சாக்கை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தார்.

அந்தப் பெண்ணுக்கு அம்மாவின் வயதுதான் இருக்கும். நாங்கள் வருவது எப்படியோ முன்னமே தெரிந்திருந்தது. கதிரை ஒன்றை முற்றத்தில் போட்டு அப்பாவை இருக்கச் சொன்னார். அப்பாவும் அவரும் மழையைப் பற்றி, தண்ணீரைப் பற்றி, யார் யார் திரும்பி வந்தார்கள் என்பதைப் பற்றியெல்லாம் கதைத்தார்கள். மாட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. பெரியவர்களுக்கு வந்த வேலை மறந்துபோகும் என்று நினைத்துக்கொண்டு நான் பசுவைத் தேடிப் போனேன்.

சிவப்புப் பசு. கொம்பு ஒன்று முறிந்திருந்தது. வலப்பக்கம் கல்வேலியோடு ஒட்டி நிற்கும்படி, கயிற்றைக் குட்டையாக்கிக் கட்டியிருந்தார்கள். நான் மெலிந்த பிள்ளை. வேலிக்கும் மாட்டுக்கும் நடுவே நுழைந்துவிட்டேன். பின்தொடையில் மயிர் முளைக்காத இடம் ஒன்று இருந்தது. கையை வைத்துத் தடவினேன். நேராக ஒரு கோடு, அடியில் கொக்கி.

"அப்பா, தூண்டில்! எங்கடை மாடு அப்பா!"

அந்தப் பெண் எழும்பிப் பசுவிடம் வந்தார். அவருடைய கடைசிப் பிள்ளை அவர் சட்டையைப் பிடித்தபடி பின்னால் வந்தது.

"நான் களவெடுக்கேல்லை அண்ணை," என்றார். "எல்லாரும் வெளிக்கிட்டுப் போன கிழமை, கண்டுக்குட்டியாய் இருக்கேக்கை முத்தத்திலை வந்து நிண்டது. தண்ணி வைச்சன். பிறகு அது போகேல்லை. உங்கடையெண்டால் கொண்டு போங்கோ, நான் மறிக்க ஏலாது."

அப்பா கயிற்றை அவிழ்த்துப் பசுவைத் திருப்பினார். குனிந்து அந்தக் குறியின் மேல் உள்ளங்கையை வைத்தார். கனநேரம் எடுக்கவில்லை. பிறகு நிமிர்ந்து, சாக்கிலிருந்து கம்பியை எடுத்து, தூண்டில் என் முகத்துக்கு நேரே தெரியும்படி பிடித்தார்.

"வடிவாப் பார் பிள்ளை. எங்கடை கொக்கி எந்தப் பக்கம் வளைஞ்சிருக்கு?"

"வலப்பக்கம்."

"மாட்டிலை?"

பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். "இடப்பக்கம்."

"அப்ப எங்கடை மாடோ?"

"இல்லை," என்றேன்.

"பிள்ளையே சொல்லிப்போட்டாள் தங்கச்சி," என்றார் அப்பா. "இது வேறை ஆரின்ரையோ குறி. கண்டுக்கு இன்னும் குறி சுடேல்லைப் போலை. உங்கடை குறியைச் சுட்டுவிடுங்கோ."

அந்தப் பெண் கம்பியைப் பார்த்தார். குறியைப் பார்த்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்த இடத்திலேயே குந்தி இருந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறத்தியார் மாட்டை எங்களுடையது என்று கத்தி அவரை நோகப்பண்ணிவிட்டேன் என்று எனக்குப் பெரிய வெட்கம். போகும்போது அவர் தந்த பாலை வேண்டாம் என்றேன். அப்பா இரண்டு தம்ளரையும் வாங்கிக் குடித்தார்.

திரும்பி வரும்போது படகில் அப்பா கடலைப் பார்த்துக்கொண்டே வந்தார். அப்பப்பாவிடம் என்ன சொல்லுவது என்று கேட்டேன்.

"நீயே சொல்லு. என்ன கண்டனியோ அதை அப்படியே சொல்லு. ஒண்டும் விடாதை."

வீட்டுக்கு வந்ததும் அப்பா கால் கழுவவென்று கிணற்றடிக்குப் போனார், போனவர் வரவில்லை. நான் கட்டிலருகே போய் நின்றேன். பசுவைக் கண்டோமா என்று அப்பப்பா கேட்டார். நான் ஒன்றும் விடாமல் சொன்னேன். முறிந்த கொம்பு, மூன்று பிள்ளைகள், அந்த அம்மா அழுதது எல்லாம். குறி எங்களுடையது மாதிரியே இருந்தது, ஆனால் கம்பியில் கொக்கி வலப்பக்கம், மாட்டில் இடப்பக்கம், அதனால் அது எங்கள் மாடு இல்லை என்று சொல்லி முடித்தேன்.

அப்பப்பா அழப்போகிறார் என்று பயந்து நின்றேன். அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"இடப்பக்கமோ?"

"ஓம் அப்பப்பா."

"வடிவாப் பாத்தனியோ?"

"தடவியும் பாத்தனான்."

"எந்தக் கையாலை?"

வலக்கையை நீட்டினேன். அவர் அதைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினார். பிறகு என் உள்ளங்கையைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்தினார். மாடு தொட்ட கை சுத்தமா என்று பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"சவுக்காரம் போட்டுக் கழுவினனான் அப்பப்பா," என்றேன்.

அவர் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வழிந்தது. அந்தப் பிள்ளைகளுக்குப் பால் காணுமோ என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு பசுவின் பேச்சை அவர் எடுக்கவேயில்லை. கஞ்சியை மறுக்காமல் குடித்தார். தை பிறக்கமுன் போய்விட்டார்.

ஏழு வருடம் கழித்து, வீட்டு வாசலில் புதிதாகப் படி கட்டினார்கள். மேசன் சீமெந்தை மட்டம் பண்ணிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம், எனக்கு ஒரு குரங்குப் புத்தி வந்தது. குசினியிலிருந்து கம்பியை எடுத்து வந்து ஈரச் சீமெந்தில் தூண்டிலை அழுத்தி எடுத்தேன்.

கொக்கி இடப்பக்கம் வளைந்து கிடந்தது.

கம்பியைத் திருப்பிப் பார்த்தேன். அதில் வலப்பக்கம். படியில் இடப்பக்கம். நெடுந்தீவில் அந்தப் பசுவின் தொடையில் நான் தடவிய அதே தூண்டில். இரும்பில் ஒரு பக்கம் இருந்தால் தோலில் மறுபக்கந்தான் விழும் என்பது மாடு வளர்த்த எவருக்கும் தெரிந்த சங்கதி. அப்பாவுக்குத் தெரியும். முகத்தைப் பொத்தி அழுத அந்தப் பெண்ணுக்குத் தெரியும். கட்டிலில் கிடந்த அப்பப்பாவுக்கும் தெரியும். மூன்று பேருக்கும் நடுவே நின்று, இல்லை என்று தீர்ப்புச் சொன்ன எனக்கு மட்டுந்தான் தெரியாது.

தேத்தண்ணி குடித்துவிட்டு வந்த மேசன் தேய்ப்பானை எடுத்தார். பின்னால் நின்ற அப்பா, "அதை அழிக்க வேண்டாம்" என்றார். என்னைப் பார்த்தார். நான் குசினிக்குள் போய்க் கம்பியைச் சுவரில் மாட்டிவிட்டு அங்கேயே நின்று அழுதேன்.

தகப்பனுக்கு முன்னால் நின்று மாட்டை விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லவும் அப்பாவால் முடியவில்லை, மாடு எங்களுடையது இல்லை என்று பொய் சொல்லவும் முடியவில்லை. அதனால் என்னை அனுப்பினார். அப்பப்பா தடவிப் பார்க்க ஆசைப்பட்ட குறியில் பட்ட கை அந்தக் கட்டிலருகே நின்ற என்னிடந்தான் இருந்தது. அதைத்தான் அவர் பிடித்துக்கொண்டு கிடந்தார். நானோ, கையை நன்றாகக் கழுவிவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு நின்றேன்.