மேலே ஏறச் சொல்லு

லண்டன் ஸ்ட்ரெதமில் நாங்கள் இருந்த வீட்டின் மேல்மாடியில் ஒரு கரீபியன் அக்கா இருந்தார். அவருடைய ஊர் ஒரு சின்னத் தீவு, அதில் ஒரு எரிமலை. அது வெடித்து ஊரைச் சாம்பலால் மூடிய பிறகுதான் அவர் லண்டனுக்கு வந்தார். அவருடைய அண்ணன் வரவில்லை. மாடுகளை விட்டு வரமாட்டேன் என்று மலையடியிலேயே இருந்துவிட்டார். மலை திரும்ப வெடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், எப்போது என்றுதான் தெரியாது.

"விசர் மனுசன்" என்று நான் அந்த அண்ணனைப் பைத்தியக்காரனாக்கினால் போதும், என் கணவர் பாய்வார். "ஏன், நாங்கள் யுத்தத்துக்குள்ளை, ஷெல்லடிக்குள்ளை ஊரிலை இருக்கேல்லையோ? எங்களுக்கும் விசரோ?"

ஒரு ஞாயிறு மத்தியானம் குசினி மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்கா போனும் கையுமாகப் படியால் ஓடிவந்தார். மலை வெடித்துவிட்டது, அண்ணன் லைனில் இருக்கிறார் என்றார். தகரக் கூரையில் கல் விழும் சத்தம் போனுக்குள்ளால் எங்கள் குசினி முழுக்கக் கேட்டது.

அந்தச் சத்தம்தான் என்ரை மனுசனைக் கெடுத்தது. சோற்றுக் கையோடு பாய்ந்து போனைப் பறித்தார். "இறங்கு! பள்ளத்துக்குள் இறங்கு! குப்புறப் படு!" என்று ஆங்கிலத்தில் தொண்டை கிழியக் கத்தினார். எங்களுக்குத் தெரிந்தது அதுதானே! சத்தம் கேட்டால் பங்கர் குழிக்குள் குதிக்க வேண்டும். குதிக்காதவர்களைப் பிறகு பாயில் சுற்றி எடுத்திருக்கிறோம்.

அக்கா அவருடைய கன்னத்தில் ஓங்கி அறைந்தார். போனை விடாததால் கையைக் கடித்தார். "பள்ளத்தால்தான் நெருப்பு வரும், மடையா! எரியும் சாம்பல் பள்ளம் பார்த்துத்தான் ஓடும்! மேலே ஏறச் சொல்லு!"

என் கண் முன்னாலேயே என் புருசனைக் கடிக்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் அக்காவின் தலைமயிரைப் பிடித்து இழுத்தேன். மேசை சரிந்தது, கறிச்சட்டி உடைந்தது. போன் நிலத்தில் விழுந்து ஒருதரம் இரைந்தது. பிறகு சத்தமே இல்லை.

அண்ணன் கடைசியாகக் கேட்டது யாருடைய குரல்? மூன்று பேருக்கும் அது ஒன்றுதான் பயம். அக்கா கொட்டின குழம்புக்குள்ளேயே குந்தியிருந்து நம்பரைத் திரும்பத் திரும்ப அழுத்தினார்.

"அவன் இறங்கியிருந்தால் உன்னைக் கொல்லுவேன்" என்றார்.

என் கணவர் இரத்தம் வடிந்த கையைப் பொத்திக்கொண்டு என்னிடம்தான் சொன்னார்: "அம்மாவையும் இறங்கச் சொல்லித்தான் கத்தினனான். அவ இறங்கேல்லையடி." கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அதை நான் கேட்டதில்லை. 

அடுத்த நாள் பின்னேரம் மேலே அக்கா கூவிய கூவலில் கூரை அதிர்ந்தது. அண்ணன் உயிரோடு இருக்கிறார்! அவர் மேட்டில் ஏறியிருக்கிறார். மாடுகள்தான் பயந்து பள்ளத்துக்குள் இறங்கினவாம். ஒன்றும் மிஞ்சவில்லை.

என் கணவர் கடிபட்ட கையோடு படியேறிப் போய்க் கேட்டார், இனியாவது அண்ணன் இங்கே வருவாரா என்று.

"எங்கே வருகிறான்? கன்றுக்குட்டி விலை விசாரிக்கிறான்."

"விசர் மனுசன்!" என்று கத்திவிட்டு, என்ரை மனுசன் அந்தப் படியிலேயே குந்தியிருந்து விக்கி விக்கி அழுதார். அக்கா பக்கத்தில் இருந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.