ஆட்டின் ராணியின் ஒற்றை மச்சம்

மாப்பிள்ளை எந்நேரமும் சீட்டும் கையுமாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டு மாமனார் ஒரு மாதம் தூங்கவில்லையாம். வீண் கவலை. கடிகாரம் ரிப்பேர் செய்கிற அந்த மனிதருக்கு ரம்மிகூட ஒழுங்காக வராது. பழைய சீட்டுக்கட்டுகளைச் சேர்ப்பார், அவ்வளவுதான். ஊருக்கு ஊர் அச்சுக்கூடங்கள் மனம்போனபடி அடித்த நூற்றுப் பன்னிரண்டு கட்டுகள், பீரோவிலிருந்து துணிமணிகளைத் துரத்திவிட்டுக் குடியிருந்தன.

வடக்கத்திக் கட்டில் இஸ்பேட் ராஜா கத்தியை ஓங்கி நிற்பார். மலையோரத்துக் கட்டில் அதையே கைத்தடிபோல் ஊன்றியிருப்பார். எல்லாம் நோட்டில் ஏறும்.

"ராணி கையில இருக்கிற பூவுக்கு எத்தனை இதழ்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்" என்பார் வீட்டம்மா. "நான் இன்னிக்கு என்ன கலர் கட்டியிருக்கேன்னு கேளுங்க, முழிப்பார்."

போன மாதம் துறைமுகத்துக் கட்டுகளை வரிசைபிடித்தபோது யோகம் அடித்தது. ஒரு கட்டில் மட்டும் ஆட்டின் ராணியின், அதாவது சிவப்பு இதய ராணியின், கன்னத்தில் மச்சம்! சீட்டு ராணிக்கு மேலும் கீழுமாக இரண்டு தலை. மச்சமோ மேல்தலைக்கு மட்டும். 'கீழ்த்தலைக்கு வரும்போது அச்சு வெட்டியவர் கண்ணசந்துவிட்டார்' என்று இரண்டு பக்கக் கட்டுரையே எழுதிவிட்டார். சீட்டுச் சேகரிப்போர் சங்கம், அதாவது அவரோடு சேர்த்து நாலு பேர், ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் கூடுகிறது. இருபது வருஷமாக அடுத்தவர் கண்டுபிடிப்புக்குத் தலையாட்டியே கழுத்து தேய்ந்தவர். இது ஒன்றுதான் அவருடையது.

ஞாயிறு காலை கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு ராணியைக் கடைசியாக ஒரு பார்வை பார்த்தார்.

"அப்படி என்னதான் இருக்கு, காட்டுங்க" என்று வீட்டம்மா குனிய, சீட்டுக்குப் பக்கத்தில் அந்தம்மாவின் கன்னம் வந்து நின்றது. லென்ஸுக்குள் இரண்டு மச்சம். ஒரே இடம், ஒரே சாய்வு.

"இது... நீ வரைஞ்சதா?"

"பதினோரு வருஷம் ஆச்சு. காய்ச்சல்ல படுத்திருந்தீங்க. பக்கத்துல உக்காந்திருந்தேன், கையில பேனா இருந்துது. என்னிக்காவது பார்ப்பீங்கன்னு நினைச்சேன்."

"பார்த்துட்டேனே!"

"ராணியைத்தானே பார்த்தீங்க."

அவர் மறுபடி சீட்டின்மேல் குனிந்தார். பிறகு, ஆராய்ச்சிப் புத்தி போகுமா, "கீழ்த்தலைக்கு ஏன் வைக்கல?" என்றார்.

"நீங்க முழிச்சுட்டீங்க."

சங்கம் வந்து சேர்ந்தது. "எங்கய்யா உங்க மச்சக்காரி?" என்று கேட்டார் தலைவர், ரிட்டயர்டு போஸ்ட்மேன்; மூவரும் ஆளுக்கொரு லென்ஸோடு நெருங்கி உட்கார்ந்தார்கள்.

கட்டுரை மேஜை டிராயரிலேயே கிடந்தது. "அச்சு இல்லைங்க, பேனா. என் வீட்டுக்காரி வரைஞ்சது."

"அடப் பாவமே! கிறுக்கின சீட்டு நம்ம கணக்குல வராதே. கட்டே கெட்டுப்போச்சு."

"போகட்டும்" என்றவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்த வீட்டம்மாவிடம் பேனாவை நீட்டினார். "பாதியில நிக்குது. முடிச்சுடு."

மூன்று பேரும் பதறி எழுந்தார்கள்.

வீட்டம்மா சீட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். "நீங்க பார்த்துக்கிட்டிருந்தா எனக்கு வராது."

கடிகாரக்காரர் லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.