மேசை காலி செய்யும் வேலை

1. ஆள் எடுத்த விதம்

கெடா மாநிலத்து அலோர் ஸ்டாரில் ஒரு கல்யாண மண்டபம். பகல் விருந்து முடிந்து வெகுநேரம் ஆகியும் ஜனங்கள் நாற்காலியை விட்டு எழவில்லை. பொண்ணு மாப்பிள்ளையே வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் அங்கே பி.ஏ. சிஸ்டம் போட்டவன். பென்டிரைவில் இருந்த சினிமாப் பாட்டெல்லாம் தீர்ந்துவிட்டது. இனி யார் கேட்கப் போகிறார்கள் என்று என் சொந்தப் பெட்டியைத் திறந்து, காலால் மிதித்துச் சத்தத்தைத் திரிக்கிற இரண்டு பெடலை மிக்சரில் சொருகி, ஒரு ஃபீட்பேக்கை மெதுவாக ஏற்றினேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மைக்கை ஸ்பீக்கர் பாக்சுக்கு நேராகக் காட்டினால் 'ஊய்ங்' என்று கத்துமே, அதுதான் ஃபீட்பேக். திருவிழாவில் அதை அடக்குவதற்கு எனக்குக் கூலி. அதையே ஊட்டி வளர்ப்பது என் கலை. நாய்ஸ், ஆம்பியன்ட் என்று அதற்குப் பெயர் உண்டு. பினாங்கிலும் கே.எல்.லிலும் இருட்டு அறையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். கெடாவில் அதுவரை ஒருவர்கூட முழுசாக உட்கார்ந்து கேட்டதில்லை. என் மனைவியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மண்டபம் மளமளவென்று காலியானது. பொண்ணோட சித்தப்பா யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு ஓடினார். கடைசியில் நின்றவர் காதர் நானா மட்டும்தான். விருந்துக்கு பிரியாணி போட்டவர், டவுனில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருப்பவர். சட்டி தூக்க வழி கிடைக்காமல் அதுவரை தவித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது நீ செஞ்சியா, இல்ல மெஷின் கெட்டுப்போச்சா?"

"நான்தான் நானா செஞ்சேன்."

"மாஷா அல்லாஹ்! நாளைக்குக் கடைக்கு வா. உனக்கு வேலை இருக்கு."

என் வாசிப்பைக் கேட்டு ஒருவர் வேலை கொடுத்தது அதுதான் முதல் தடவை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என்ன வேலை என்று மறுநாள்தான் தெரிந்தது.

2. என்ன வேலை

நானாவின் கடைக்குப் பின்னேரத்தில் பென்ஷன்காரர்கள் வருவார்கள். ஆளுக்கு ஒரு தே தாரேக், நுரை பொங்க ஆற்றின டீ. அது ஆறி ஆடை கட்டுகிற வரைக்கும் அரட்டை, கட்டின பிறகும் அரட்டை. பிள்ளை குட்டிகளோடு சாப்பிட வருகிறவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்.

"எந்திரிங்கன்னு சொல்ல வேண்டியதுதானே நானா?"

"எங்க வாப்பா காலத்துலேருந்து இந்தக் கடையில யாரையும் எந்திரின்னு சொன்னது கிடையாது. சோறு போடுறவன் வாயில அந்தச் சொல்லு வரக் கூடாது, தம்பி. உன் பாக்ஸ் சொல்லட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. இவர் என்னை ஈ விரட்டக் கூப்பிட்டிருக்கிறார். எழுந்து போயிருப்பேன். அதற்குள் நானா, "மேசை காலியாச்சுன்னா மாடி ரூம் உனக்குத்தான். சும்மாவே வச்சுக்க லா," என்றார்.

அந்த ரூமைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய கடைவீடு, தடித்த சுவர். பக்கத்து மாடியில் மனிதர்கள் இல்லை. சூப்புக்குப் போகிற கூட்டை விற்பதற்காகக் குருவி வளர்க்கிறார்கள். குருவியைக் கூப்பிட அவர்களே நாள் முழுக்க பாக்சில் கீச்சுக்கீச்சென்று போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் என்மேல் புகார் கொடுக்க முடியுமா? நான் அப்போது வாசிப்பதற்கு இடமில்லாமல், பாடாங் மேஹா பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள் காரை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு வியர்க்க வியர்க்கப் பதிவு செய்துகொண்டிருந்தேன். தோட்டத்து கார்டு வந்து கண்ணாடியைத் தட்டும்போதெல்லாம் மானம் போகும். ஒரு ரூம் இல்லாமல் இந்தத் தொழிலில் மேலே போக முடியாது. சரி என்றேன்.

3. கெட்டிக்காரன்

காண்டாக்ட் மைக் என்று ஒன்று உண்டு. காசு அளவுதான் இருக்கும். ஒரு பொருளில் ஒட்டினால் அந்தப் பொருளின் உடம்புக்குள் ஓடுகிற அதிர்வைக் கேட்டுச் சொல்லும். ஒன்றைத் தண்ணீர் பாய்லரில் ஒட்டினேன், இன்னொன்றை ரொட்டிக் கல்லின் காலில். இரண்டையும் பெடல் வழியாக பாக்சுக்கு விட்டேன்.

"நானா, ஒரே பீசிங்கா இருக்கு, காது கிழியுது! ஆளக் கூப்பிட்டு ரிப்பேர் பாருங்க!" என்று பென்ஷன்காரர்கள் கத்தினார்கள்.

"என்னண்ணே செய்யறது, பழைய பாய்லர்," என்றார் நானா, பச்சைப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

மேசைகள் காலியாயின. குடும்பங்கள் உள்ளே வர, நான் நிறுத்திவிடுவேன். ஒரு வாரம் இப்படியே போனது. நானா மாடிச் சாவியை என் கையில் வைத்து அழுத்தினார். சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில்தான் வலித்தது. ஜனங்கள் எழுந்து ஓடுவதற்காக ஒரு வித்துவானை ரூம் கொடுத்து வைத்திருக்கிறார்கள், அவனும் அதில் கெட்டிக்காரனாக இருக்கிறான். இதை யாரிடம் சொல்லி அழுவது?

4. நேயர் விருப்பம்

ஓடின பென்ஷன்காரர்களில் ஒருவர், கோவிந்தன் அண்ணன், மறுவாரம் திரும்பி வந்தார். அரசாங்க ஆபீசில் கிராணியாகக் கணக்கெழுதி ரிட்டையர் ஆனவர். நாற்காலியை இழுத்து பாக்சுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார். எதிரில் உட்கார்ந்த தன் கூட்டாளியைக் காட்டி என்னிடம் சொன்னார்.

"இவன் ரிட்டையர் ஆனதுலேருந்து வாயாலயே மந்திரிசபைய மாத்திக்கிட்டே இருக்கான். உன் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. ரொம்ப நிம்மதி, தம்பி."

அந்தப் பாராட்டை நான் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டொரு நாளில் அந்தக் கூட்டாளியும் பேச்சை நிறுத்திவிட்டார். அப்புறம் பக்கத்து மேசைக்காரர்களும் வர ஆரம்பித்தார்கள். நானா என்னை முறைத்தார். நான் பெடலைக் குறை சொன்னேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை, கெடாவில் அதுதான் வார லீவு நாள். வாசலில் சாப்பிட வந்த கூட்டம் நின்றது. நானா கல்லாவிலிருந்து கையை மேலே மேலே தூக்கிக் காட்டினார். ஏற்று, இன்னும் ஏற்று என்று அர்த்தம். என் கால் கல்யாண மண்டபத்தைக் காலி செய்த அதே பெடல்மேல் இருந்தது. ஒரு மிதி மிதித்தால் போதும், அத்தனை பேரும் ரோட்டில் நிற்பார்கள்.

அந்த நேரம் பார்த்து கோவிந்தன் அண்ணன் என் பக்கம் சாய்ந்தார்.

"தம்பி, நேத்து கடைசியா ஒண்ணு போட்டியே, அடிக்குரல்ல, தேஞ்சு தேஞ்சு போகுமே. அதப் போடேன்."

"அப்படியே திரும்ப வராதுண்ணே. பாய்லர் சூட்டைப் பொறுத்தது."

"அதுக்குக் கிட்டத்துல எதாச்சும் போடு. ராத்திரி பூரா அது காதுலயே இருந்துச்சு. நல்லா இருந்துச்சு."

நேயர் விருப்பம்! அதுவும் நாய்ஸ் வாசிக்கிறவனிடம்! தியாகம் என்றெல்லாம் நீங்கள் நினைத்துவிட வேண்டாம். எனக்கு ரூமும் ஞாபகத்தில் இல்லை, நானாவும் ஞாபகத்தில் இல்லை. கால் தானாக விலகிவிட்டது. பாய்லர் மைக்கை மட்டும் வைத்துக்கொண்டு, சத்தத்தை வயிற்றுக்குள் இறங்குகிற அளவுக்குக் கீழே கொண்டுபோனேன். ரொட்டி போடுகிறவன்கூட மாவை அதற்குத் தக்கபடி நிதானமாக வீச ஆரம்பித்தான். பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கு மக்ரிப் பாங்கு சொல்ல, நான் நிறுத்தும்வரை ஒருவர்கூட எழவில்லை. வாசலில் நின்ற கூட்டம் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டது.

5. வேலை போனது

தொழுதுவிட்டு வந்து நானா என்னை உட்காரச் சொன்னார். கோபமே இல்லை. பெற்ற பிள்ளை வழி தவறிப்போன மாதிரி ஒரு வருத்தம்.

"தம்பி, நீ கெட்டுப்போயிட்ட. வந்த புதுசுல எவ்வளவு கேவலமா வாசிச்ச! ஆளுங்க என்னமா ஓடுனாங்க! இப்ப உக்காந்து கேக்கற மாதிரி ஆக்கிட்ட. எனக்கு இது சரிப்படாது."

சாவியைக் கொடுத்தேன். அவர் ஒரு பொட்டலம் சோறு கட்டிக் கொடுத்தார், கோழி பெரிய துண்டாகவே வைத்து. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்களை வேலையை விட்டு நிறுத்துகிறவர் என்ன காரணம் சொல்கிறார் என்று ஒழுங்காகக் காது கொடுத்துக் கேளுங்கள். பேப்பரில் எழுதுகிறவர்கள் யாரும் அவ்வளவு உண்மையாக உங்களைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள்.

வெளியே கோவிந்தன் அண்ணனும் கூட்டாளியும் நின்றிருந்தார்கள். பாக்சைக் காரில் ஏற்ற ஒரு பக்கம் பிடித்தார்கள்.

"நாளைக்கு எங்க வாசிப்ப?" என்றார் அண்ணன்.

"தெரியலண்ணே. இடம் ஒண்ணும் இல்ல."

"இடம் மட்டும் பாரு," என்றார். "நாற்காலி நாங்களே கொண்டாந்துடுறோம்."