கூட்டாத வீடு

என் வீட்டுக்காரர் குவைத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஏன் போகிறீர்கள் என்று அவரை யாரும் கேட்டதில்லை. ஆம்பளை, போகிறார். அவ்வளவுதான். நான் போகிறேன் என்றதும் பொன்னமராவதியில் எங்கள் தெருவே வாசலுக்கு வந்து கேட்டது. காய்கறிக்காரம்மாகூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

நான் நர்ஸ். ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பல வருஷம் ஊசி போட்டு, டிரிப் ஏற்றி, டாக்டரின் கோபத்தையும் நோயாளிகளின் கோபத்தையும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டவள். வீட்டுக்காரர் வெளிநாடு போதும் என்று ஊரோடு வந்து ஏசி ரிப்பேர் கடை போட்டுவிட்டார். மகள் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் கஷ்டம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அதுதான் பிரச்சினையே. குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரி வேலைக்குப் பரீட்சை எழுதினேன், இன்டர்வியூ முடிந்தது, விசாவும் வந்துவிட்டது.

மாமியாரை நான் அயித்தை என்றுதான் கூப்பிடுவேன். விசா வந்த அன்று அயித்தை சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் ஒரு யோசனையோடு வந்தார்.

"கேக்குறவுகள்ட்ட மக கல்யாணத்துக்குச் சேக்கப் போறேன்னு சொல்லு. ஊரு வாய மூடிரும்."

"அவ படிச்சுக்கிட்டு இருக்கா. இப்ப என்ன அயித்தை கல்யாணம்?"

"அப்ப வீட்டுக் கடன்னு சொல்லு."

"நமக்குத்தான் கடனே இல்லையே."

"பின்ன எதுக்குடி போற?"

"எனக்குப் போகணும்னு இருக்கு. அதான் போறேன்."

இன்றைக்கும் அந்தப் பதிலை நினைத்தால் எனக்கே பெருமையாக இருக்கிறது. ஆம்பளை போவதற்கு ஆசை போதும், பொம்பளை போவதற்கு மட்டும் அழுகை வேண்டுமா? பொய்க்காரணம் சொல்லிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு போக என்னால் முடியாது. ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன்.

அயித்தை பதிலுக்கு எடுத்தது விளக்கமாற்றை.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. பயணம் போனவர் போய்ச் சேர்ந்தார் என்று சேதி வரும்வரை வீட்டைக் கூட்டக்கூடாது. பிணம் எடுத்த வீட்டைத்தான் ஆள் போன கையோடு கூட்டிக் கழுவுவார்கள். அதனால் மகன் கிளம்பும்போதெல்லாம் அயித்தை விளக்கமாற்றைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுவார். கல்யாணமான புதிதில் ஒருதரம், அவர் ஏறிய கார் தெருமுனை திரும்புவதற்குள் நான் பழக்கதோஷத்தில் கூட்ட ஆரம்பித்துவிட்டேன். "எம் புள்ளைய என்னன்னு நெனச்ச?" என்று அயித்தை போட்ட சத்தத்தில் தெரு கூடிவிட்டது. அவர் போய் இறங்கிப் போன் செய்யும்வரை எனக்குப் பச்சைத் தண்ணி இறங்கவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு பயணத்துக்கும், போன் வந்த பிறகு பரணில் ஏறி விளக்கமாற்றை இறக்கி வீட்டைக் கூட்டியது நான்தான்.

அதே அயித்தைதான் இப்போது சொன்னார்.

"நீ வாசலத் தாண்டு. ஒடனே கூட்டுறேனா இல்லையான்னு பாரு."

எத்தனையோ சாவைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான், சகுனமாவது மண்ணாவது என்று வாய் கிழியப் பேசுகிறவள். இருந்தும் பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது.

"நல்லாக் கூட்டுங்க அயித்தை. மூலை முடுக்கு விடாமக் கூட்டுங்க" என்றேன்.

பெட்டி கட்டும் வேலையை வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். இத்தனை வருஷம் அவருக்குக் கட்டியவள் நான். எனக்கு இன்னொருவர் கட்டுவதை உட்கார்ந்து பார்ப்பது புதுசாக இருந்தது. ஊறுகாய் பாட்டில் மூடியில் டேப் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு, என் நைட்டிக்குள் வைத்து உருட்டினார். முறுக்கைப் பழைய பேப்பரில் பொதிந்தார். கடைசியில் நீல நைலான் கயிற்றால் பெட்டியைக் குறுக்கும் நெடுக்கும் கட்டினார்.

"ஒங்க அம்மாட்ட நீங்க எதாச்சும் சொல்லக்கூடாதா?" என்று கேட்டேன்.

அவர் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தார். "நீ போவேங்குற. அது கூட்டுவேங்குது. நடுவுல நான் என்னத்தச் சொல்ல?"

எனக்கு இன்னும் கோபம் வந்தது. அவர் போனபோது நடுவில் நிற்க ஒரு ஆளுக்கும் வேலை இருந்ததில்லை. வாசல்வரை வந்து திருநீறு பூசி அனுப்பிய அம்மா இருந்தார், பெட்டி தூக்க நான் இருந்தேன்.

கிளம்பிய காலையில் கூடம் முழுக்கக் கயிற்றுத் துண்டும் பேப்பரும் முறுக்குத் தூளும் இறைந்து கிடந்தன. நட்டநடுவில் அயித்தை காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் விளக்கமாறு. "போயிட்டு வாரேன் அயித்தை" என்றேன். அவர் சுவரைப் பார்த்தார். நானே சாமி படத்துக்கு முன்னால் போய்த் திருநீற்றை எடுத்து நெற்றி நிறையப் பூசிக்கொண்டு வெளியே வந்தேன். பக்கத்து வீட்டு அக்கா படியில் நின்று வேடிக்கை பார்த்தார். அவரைப் பார்த்து நன்றாகவே சிரித்தேன். காரில் ஏறியதும் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டேன். கூட்டுகிற சத்தம் காதில் விழ வேண்டாம் என்றுதான்.

திருச்சி ஏர்போர்ட்டில் மகள் கட்டிப்பிடித்து அழுதாள். கூட வந்த வீட்டுக்காரருக்கும் கண் கலங்கியது. நான் அழவில்லை. விமானம் குலுங்கியபோதெல்லாம் விளக்கமாறுதான் ஞாபகத்துக்கு வந்தது. இந்நேரம் அயித்தை கூட்டி அள்ளியிருப்பார். கூட்டட்டும், நான் நல்லபடியாக இறங்கிக் காட்டுகிறேன் என்று பெல்ட்டை இன்னும் இறுக்கினேன்.

இறங்கிவிட்டேன். நீலக் கயிறு கட்டிய பெட்டியும் வந்து சேர்ந்தது. தங்கும் ரூமுக்குப் போனதும் வீட்டுக்கு வீடியோ கால் போட்டேன். அயித்தையிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். நீங்க நல்லாக் கூட்டுனீங்க, நானும் நல்லாத்தான் வந்து சேந்தேன் என்று ஆரம்பிப்பதாக இருந்தேன்.

திருச்சியிலிருந்து திரும்பியிருந்த வீட்டுக்காரர் முகம் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால் கூடம். கயிற்றுத் துண்டு போட்ட இடத்திலேயே கிடந்தது. பேப்பர் காற்றில் அசைந்தது.

"என்னங்க, வீட்டக் கூட்டலையா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "பக்கத்து வீட்டக்கா வந்துச்சாம். பொம்பள போனதுக்கெல்லாம் யாரு இதப் பாக்குறா, கூட்டி விடுங்கன்னுச்சாம். அம்மா புடிச்சுக்கிருச்சு. ஏன், எம் மருமக உசுரு என்ன தெருவுலயா கெடக்குன்னு ஒரே சண்ட. வெளக்கமாறு பரண்ல கெடக்கு."

அதே ரூமில் தங்கியிருந்த, முன்பின் தெரியாத இரண்டு நர்ஸுகள் பார்த்துக்கொண்டிருக்க, ஓவென்று அழுதேன்.

பின்னாலிருந்து அயித்தையின் குரல் கேட்டது.

"சேந்துட்டாளா?"

"சேந்துட்டாம்மா."

"அப்பறம் என்னத்தப் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிற? ஏறி வெளக்கமாத்த எடு. ஒனக்கு இத்தன வருசமா அவதான கூட்டுனா?"

அவர் போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு ஸ்டூலைத் தேடப் போனார். நான் போனை வைக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் குனிந்து கூட்டுவதைக் கடைசிவரை பார்த்தேன்.

"அந்த மூலைய விட்டுட்டீங்க" என்றேன்.